நீதிபதியைக் காப்பாற்ற எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியதில்லை

1993 மே 11. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் தீர்மானம் மக்களவையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரித்தவர்கள் 196 பேர். எதிர்த்தவர் ஒருவர்கூட இல்லை. தீர்மானம் தோற்றுப்போனது.

அன்று அவையில் இன்னும் 205 பேர் இருந்தார்கள். காங்கிரஸும் அதன் தோழமைக் கட்சிகளும். அவர்கள் ஓட்டே போடவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. நீதிபதி 1994 பிப்ரவரியில் தன் பதவிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றார்.

ஒருவர்கூட எதிர்க்காத தீர்மானம் எப்படித் தோற்கும்? நீதிபதிகளை ஒழுங்குபடுத்தும் இந்திய முறையின் முழு சூட்சுமமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ‘மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்’ என்றுதான் பத்திரிகைகளில் படிக்கிறோம், டிவி விவாதங்களில் கேட்கிறோம். உண்மையில் தீர்மானத்தைக் கவிழ்க்கிற கணக்கு அது இல்லை. அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 124(4) பிரிவு உச்ச நீதிமன்ற நீதிபதிக்கானது. 217, 218 பிரிவுகள் வழியாக உயர் நீதிமன்ற நீதிபதிக்கும் அதே விதிதான். நிரூபிக்கப்பட்ட முறைகேடான நடத்தை அல்லது திறனின்மை என்ற காரணத்துக்காக மட்டுமே நீக்கலாம். இரு அவைகளும் ஒரே கூட்டத்தொடரில் தீர்மானம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரிடம் கோர வேண்டும். ஒவ்வோர் அவையிலும் இரண்டு பெரும்பான்மைகள் ஒருசேர வேண்டும். ஒன்று, அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேல். இன்னொன்று, அவையில் இருந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல்.

1993இல் இரண்டாவது கணக்கில் தீர்மானம் முழு மார்க் வாங்கியது. ஓட்டுப் போட்ட 196 பேரில் 196 பேரும் ஆதரவு. அவையில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் ‘இருந்து ஓட்டுப் போட்டவர்கள்’ என்ற கணக்கில் வர மாட்டார்கள். ஆனால் முதல் கணக்கு? அன்றைய மக்களவையின் மொத்த எண்ணிக்கை, நியமனம் செய்யப்பட்ட இரண்டு ஆங்கிலோ இந்தியர்களையும் சேர்த்து 545. பாதிக்கு மேல் என்றால் 273. கிடைத்தது 196. குறைந்தது 77.

அந்த 205 பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் தீர்மானம் தோற்றுத்தான் இருக்கும். 401இல் 196 என்பது பாதியைக்கூடத் தொடாது. அப்படியானால் ஓட்டுப் போடாமல் இருந்ததில் என்ன லாபம்? எதிர்த்துப் போட்டிருந்தால், மூன்று சட்ட வல்லுநர்கள் விசாரித்துக் குற்றம் நிரூபணமானது என்று சொன்ன ஒருவரை இன்னின்னார் காப்பாற்றினார்கள் என்று அவைக் குறிப்பில் பெயர் பெயராகப் பதிவாகியிருக்கும். ஓட்டுப் போடாதவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. ‘நான் எதிர்க்கவில்லையே’ என்று சொல்லிக்கொள்ளலாம். காரியமும் நடந்துவிடும். என் பார்வையில் இந்த விதியின் பெரிய ஓட்டை இதுதான். பொறுப்பு ஏற்காமலே முடிவைத் தீர்மானிக்க வழி விட்டிருக்கிறது.

இன்றைய எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மக்களவையில் இப்போது 543 இடங்கள், பாதிக்கு மேல் என்றால் 272. ஓட்டுப் போடுகிறவர்கள் 408 பேர் அல்லது அதற்குக் குறைவு என்றால் 272தான் தேவை. மூன்றில் இரண்டு பங்கு அதற்குள் அடங்கிவிடும். 409ஆவது ஆள் ஓட்டுப் போடும்போதுதான் மூன்றில் இரண்டு பங்கு என்ற விதிக்கே வேலை வருகிறது. சபாநாயகர் நீங்கலாக 542 பேரும் போட்டால் 362 வேண்டும். மாநிலங்களவையில் 245 இடங்கள், பாதிக்கு மேல் 123, இரண்டாவது கணக்கு விழித்துக்கொள்ளும் எல்லை 184. அதாவது, வருகை குறைந்த நாளில் நீதிபதியைக் காக்கும் சுவர் மொத்த எண்ணிக்கை. அவை நிரம்பி வழியும் நாளில் மூன்றில் இரண்டு பங்கு.

மொத்த எண்ணிக்கை என்றால் உண்மையிலேயே மொத்தம்தான். ஒரு உறுப்பினர் இறந்துபோய் இடைத்தேர்தல் நடக்காமல் இருந்தால் அந்தக் காலி நாற்காலியும் கணக்கில் உண்டு. சிறையில் இருப்பவர், ஆஸ்பத்திரியில் இருப்பவர், வெளிநாட்டுப் பயணத்தில் இருப்பவர் எல்லோரும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் சபாநாயகரும் உண்டு. 100(1) பிரிவுப்படி இரு தரப்பும் சமமாக நின்றால் மட்டுமே அவர் ஓட்டுப் போட முடியும். இந்தத் தீர்மானத்தில் சமம் என்பதே தோல்விதான். ஆகவே அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அவர் இடம் தீர்மானத்துக்கு எதிரான ஒரு இடமாகவே நிற்கும்.

கோரம், அதாவது அவை நடக்கக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை (quorum), பற்றிப் பலரும் கேட்பதுண்டு. 100(3) பிரிவுப்படி அவையின் கோரம் மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு. மக்களவைக்கு 55, மாநிலங்களவைக்கு 25. பதவி நீக்கத் தீர்மானத்துக்கென்று தனிக் கோரம் கிடையாது. நீதிபதியின் வக்கீல் மணிக்கணக்கில் வாதாடும்போது அவையில் 55 பேர் இருந்தால் சட்டப்படி போதும். அதுவும் குறைந்துபோய் யாராவது எழுந்து சொன்னால் மணி அடிப்பார்கள். வெளியே காபி குடித்துக்கொண்டிருப்பவர்கள் ஓடி வருவார்கள். ஓட்டெடுப்பு நேரத்திலோ கோரம் பேச்சே எழாது. 272 ஆதரவு தேவைப்படும் இடத்தில் 55 பேர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் கோரத்தை உயர்த்துவதற்குப் பதிலாக அந்த வேலையை மொத்தப் பெரும்பான்மை விதியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கோரத்தைக் கூட்டியிருந்தால் வெளிநடப்பு செய்தே கூட்டத்தைக் கலைத்துவிடலாம். இப்போதுள்ள விதியில் கூட்டம் நடக்கும், பேச்சு நடக்கும், ஓட்டெடுப்பும் நடக்கும். முடிவு மட்டும் வராமல் போகும்.

இதெல்லாம் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் தாண்ட வேண்டிய படிகளை 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டம் வகுத்திருக்கிறது. மக்களவை என்றால் 100 பேர், மாநிலங்களவை என்றால் 50 பேர் கையெழுத்திட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்தப் படியிலேயே சறுக்கியவை உண்டு. ஆந்திர, தெலங்கானா உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. நாகார்ஜுன ரெட்டிக்கு எதிரான நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் பின்வாங்க, எண்ணிக்கை 50க்குக் கீழே இறங்கி விஷயம் முடிந்துபோனது. 2018 ஏப்ரலில் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுக்கு எதிரான நோட்டீஸில் 71 கையெழுத்துகள். அதில் 7 பேர் அதற்குள் பதவிக்காலம் முடிந்தவர்கள். மிச்சம் 64 போதுமானதுதான். ஆனால் மாநிலங்களவைத் தலைவர் வெங்கய்ய நாயுடு நோட்டீஸை ஏற்க மறுத்துவிட்டார். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவைத் தலைவர் ஒருவரிடமே இருக்கிறது. இரு அவைகளில் நூற்றுக்கணக்கானோர் ஓட்டுப் போட்டு முடிவெடுக்க வேண்டிய ஒன்றை, தொடக்கத்திலேயே ஒரே ஓட்டில் நிறுத்திவிடலாம்.

நோட்டீஸ் ஏற்கப்பட்டால் மூன்று பேர் குழு: ஒரு உச்ச நீதிமன்ற நீதிபதி, ஒரு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, ஒரு சட்ட அறிஞர். மூவருக்குள் கருத்து வேறுபாடு வந்தால்? 1969ஆம் ஆண்டு விதிகளில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதிகம் பேசப்படாத இடம் இது. பெரும்பான்மை எதுவோ அதுவே அறிக்கை. இரண்டு பேர் ‘குற்றவாளி’ என்று சொல்லி மூன்றாமவர் ‘இல்லை’ என்றால், அந்த மூன்றாமவரின் முடிவையும் அறிக்கையோடு சேர்த்து நாடாளுமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பேர் ‘குற்றமில்லை’ என்று சொல்லி மூன்றாமவர் ‘குற்றவாளி’ என்றால், அவர் எழுதியதை அனுப்பக் கூடாது. கதவு ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது. நீதிபதிக்குச் சாதகமான ஒற்றைக் குரல் நாடாளுமன்றம் வரை போகும். பாதகமான ஒற்றைக் குரல் குழுவின் அறையைத் தாண்டாது.

இது தவறி நேர்ந்ததில்லை, யோசித்து வைத்ததுதான். குழு ‘குற்றமில்லை’ என்று சொல்லிவிட்டால் தீர்மானம் அங்கேயே முடிகிறது. நாடாளுமன்றம் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.கே. கங்கேலே விஷயத்தில் 2017இல் அப்படித்தான் முடிந்தது. ‘குற்றவாளி’ என்றால் மட்டும் இறுதி முடிவு ஓட்டெடுப்புக்குப் போகிறது. விடுவிப்பது என்றால் வல்லுநர்கள் கையில், தண்டிப்பது என்றால் மக்கள் பிரதிநிதிகள் கையில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ராமசாமி வழக்கில் குழு சொன்னது என்ன? சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த அவர், பிறகு பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். சண்டிகரில் தன் அரசு வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பொதுப் பணத்தை வாரி இறைத்தார் என்பது புகாரின் சாரம். நீதிபதி பி.பி. சாவந்த், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.டி. தேசாய், ஓய்வுபெற்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி ஆகிய மூவரும் 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாக 1992இல் அறிக்கை தந்தார்கள்.

அந்தக் குழு உயிர் பிழைத்ததே ஒரு கதை. 108 எம்.பி.க்கள் கையெழுத்திட்ட நோட்டீஸைச் சபாநாயகர் ரபி ராய் 1991 மார்ச் 12 அன்று ஏற்றார். மறுநாள் மக்களவை கலைக்கப்பட்டது. அவை கலைந்தால் அதில் நிலுவையில் இருக்கும் தீர்மானங்கள் காலாவதியாகும் என்பதே பொது வழக்கம். இது அப்படிக் காலாவதியாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த ஆண்டு அக்டோபரில் சொன்னது. அவையின் ஆயுளோடு இதைக் கட்டிப்போடாமல் 1968 சட்டம் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறது என்பது வாதம். ஆக, நோட்டீஸை ஏற்றது ஒரு மக்களவை, தீர்மானத்தைத் தோற்கடித்தது இன்னொரு மக்களவை. கையெழுத்துப் போட்டவர்களில் பலர் ஓட்டெடுப்பு நாளில் அவையிலேயே இல்லை. அவையில் சோம்நாத் சாட்டர்ஜி தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நீதிபதிக்காக வாதாடியவர் கபில் சிபல்.

ஓட்டு விழுந்து தீர்மானம் வென்ற அவை ஒன்றும் உண்டு. 2011 ஆகஸ்ட் 18, மாநிலங்களவை. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென், வக்கீலாக இருந்த காலத்தில் நீதிமன்றம் நியமித்த ரிசீவராக (வழக்கில் உள்ள சொத்தைப் பார்த்துக்கொள்பவராக) தன் கைக்கு வந்த சுமார் 33 லட்சம் ரூபாயைக் கையாடினார் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி தானே அவைக்கு வந்து நின்று பேசினார். ஆதரவு 189 ஓட்டுகள், எதிர்த்தவர்கள் 20 பேர்கூட இல்லை. இரண்டு கணக்கிலும் எளிதாகத் தாண்டியது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்தால் இந்த எண்கள் ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. மக்களவையில் விவாதம் வரும் முன்பே, செப்டம்பர் 1 அன்று அவர் ராஜினாமா செய்தார். தீர்மானம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், விசாரணைக் குழு வேலையைத் தொடங்கியிருந்த நிலையில், சிக்கிம் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.டி. தினகரனும் ராஜினாமா செய்திருந்தார். அவர் மீது எழுந்த திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரம் நில விவகாரம் நம்மூரில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு கடிதம் எழுதிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினால் எந்த எண்ணிக்கையும் தேவையில்லாமல் கதை முடிகிறது.

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த வழியில் நீக்கப்பட்ட நீதிபதி ஒருவரும் இல்லை. அதற்கு முன் ஒருவர் நீக்கப்பட்டிருக்கிறார். 1949இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.பி. சின்ஹா. அப்போது கவர்னர் ஜெனரல் ராஜாஜி. நடைமுறையில் இருந்தது 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம். கவர்னர் ஜெனரல் புகாரை ஃபெடரல் கோர்ட்டுக்கு அனுப்பினார், அது விசாரித்து அறிக்கை தந்தது, உத்தரவு போட்டார்கள். ஓட்டெடுப்பே கிடையாது. வேலை சுருக்கமாக முடிந்தது என்னவோ உண்மை. ஆனால் அரசு நினைத்தால் தொடங்கலாம் என்ற நிலையில் ஒரு நீதிபதி அரசுக்கு எதிராக எவ்வளவு துணிந்து தீர்ப்பு எழுதுவார்?

பெரும்பான்மை விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், இலங்கை இருக்கிறது. அங்கே 107ஆவது உறுப்புரையின்படி நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் போதும். மூன்றில் இரண்டு பங்கு என்ற இரண்டாவது பூட்டு கிடையாது. 225 பேரில் 113. நோட்டீஸில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 75 பேர் கையெழுத்திட வேண்டும். 2012 நவம்பரில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான பிரேரணையில் 117 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். நிறைவேற்றத் தேவையான எண்ணிக்கையைவிட அதிகம்! விசாரணை தொடங்கும் முன்பே முடிவு எழுதப்பட்டாயிற்று.

விசாரித்ததும் நீதிபதிகள் அல்லர், நாடாளுமன்றத் தெரிவுக்குழு. 11 பேரில் 7 பேர் ஆளுந்தரப்பு, 4 பேர் எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்பு நால்வரும் வெளியேறிய பின் மிச்சமிருந்த ஏழு பேரே குற்றம் நிரூபணமானது என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கையை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜனவரி 7 அன்று ரத்துச் செய்தது. நாடாளுமன்றம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜனவரி 11 அன்று 155க்கு 49 என்று பிரேரணை நிறைவேறியது. இரண்டு நாளில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச நீக்க உத்தரவில் கையெழுத்திட்டார். 155 என்பது 225இல் மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டுகிற எண் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்திய விதி அங்கே இருந்திருந்தாலும் ஓட்டு மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்காது. காப்பாற்றியிருக்கக்கூடியது, விசாரணையைக் கட்சிக்காரர்கள் கையில் கொடுக்காத ஒரு குழு. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அந்த நீக்கம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, அவர் மீண்டும் வந்து அமர்ந்து மறுநாளே ஓய்வு பெற்றார். அடுத்து அந்தப் பதவிக்கு வந்தவர் கே. ஸ்ரீபவன்.

இந்தியாவில் நாடாளுமன்றத்துக்கு வெளியே இன்னொரு ஏற்பாடும் ஓடுகிறது. 1999இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உள்விசாரணை முறை. உயர் நீதிமன்ற நீதிபதி மீது புகார் வந்தால் வேறு உயர் நீதிமன்றங்களின் இரண்டு தலைமை நீதிபதிகளும் ஒரு நீதிபதியும் விசாரிப்பார்கள். பதவியை நீக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் அறிக்கையை வைத்து இந்தியத் தலைமை நீதிபதி ராஜினாமா செய்யச் சொல்லலாம், வழக்குகள் ஒதுக்குவதை நிறுத்தச் சொல்லலாம், அரசுக்கு எழுதலாம். மாவட்ட நீதிபதிகள், முன்சீப்புகள் கதையே வேறு. 235 பிரிவுப்படி அவர்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள். எந்த எம்.பி.யின் கையெழுத்தும் வேண்டாம். உயர் நீதிமன்றம் பரிந்துரைத்தால் ஆளுநர் பெயரில் உத்தரவு வந்துவிடும். கீழே இருப்பவருக்கு வேலை போவது எளிது, மேலே போகப் போகக் கஷ்டம்.

டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த யஷ்வந்த் வர்மா விவகாரத்தில் இரண்டு வழிகளும் அடுத்தடுத்து வந்தன. 2025 மார்ச்சில் அவர் வீட்டு வளாகத்தில் தீப்பிடித்தபோது கரன்சி நோட்டுகள் எரிந்து கிடந்ததாக வந்த புகாரை முதலில் உள்விசாரணைக் குழு பார்த்தது. ஜூலை 21 அன்று இரு அவைகளிலும் ஒரே நாளில் நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. அப்படி ஒரே நாளில் கொடுத்தால், இரு அவைகளிலும் ஏற்கப்பட்ட பிறகு இரு அவைத் தலைவர்களும் சேர்ந்து குழு அமைக்க வேண்டும் என்கிறது 1968 சட்டம். அன்று இரவே மாநிலங்களவைத் தலைவர் ஜகதீப் தன்கர் ராஜினாமா செய்துவிட்டார். ஆகஸ்ட் 12 அன்று மக்களவை சபாநாயகர் ஓம் பிர்லா தனியாகவே குழுவை அறிவித்தார். மூவரில் ஒருவர் அன்றைய சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.எம். ஸ்ரீவஸ்தவா. தனியாக அமைத்தது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது.

திருப்பரங்குன்றம் தீபம் தொடர்பான உத்தரவுக்குப் பின், 2025 டிசம்பரில் அதைப் பிறப்பித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனுக்கு எதிராக நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் சபாநாயகரிடம் நோட்டீஸ் கொடுத்தபோது, நம்மூரில் இரு தரப்பும் ஏதோ பதவியே போய்விட்டது போலப் பேசிக்கொண்டார்கள். 100 கையெழுத்து என்பது முதல் படி மட்டுமே. ஏற்பு, குழு, அறிக்கை, அப்புறம் மக்களவையில் குறைந்தது 272, மாநிலங்களவையில் குறைந்தது 123 என்று மிச்சம் எல்லாம் அப்படியே இருக்கிறது. 2024 தேர்தலில் ஆளுங்கூட்டணி பெற்ற 293 இடங்களைக் கழித்துவிட்டால் மக்களவையில் மிஞ்சுவது 250. எதிர்வரிசையில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து கைதூக்கினாலும் 272 எட்டாது. ஆளுந்தரப்பு எதிர்த்து ஓட்டுப் போட வேண்டிய அவசியமும் இல்லை. நோட்டீஸை ஏற்பதா மறுப்பதா என்று அவைத் தலைவர் எத்தனை நாளில் முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு 1968 சட்டத்தில் கெடு எதுவும் கிடையாது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சேகர் யாதவ் ஒரு கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக 55 மாநிலங்களவை உறுப்பினர்கள் 2024 டிசம்பரில் கொடுத்த நோட்டீஸ், ஏற்பும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தது.